தோளில் போட்ட ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியால் முகம் உப்பி, மாதவிலக்கு தள்ளிப்போகுமா?

போகும். "ஒரு ஊசி என்ன செய்துவிடப் போகிறது" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

தோள் இறுக்கத்துக்கு எனக்குப் போட்டது ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. அப்போது நகப் பூஞ்சைக்காக இட்ராகொனசோல் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எலும்பு மருத்துவர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். வேறு என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. தோள்வலி போனது. அப்புறம் கன்னம் உப்பி முகம் வட்டமானது, பிடரியில் சதை திரண்டது, லேசாக இடித்தாலே தோல் கன்றியது, மாதவிலக்கு நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் "வாயைக் கட்டு" என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை. கை கால் மெலிந்துகொண்டே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைசியில் ஹார்மோன் மருத்துவர்தான் விளக்கினார். ட்ரையாம்சினோலோனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி. இட்ராகொனசோல் அதை முடக்கிவிடும். சில வாரங்களில் அடங்க வேண்டிய மருந்து மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். எச்ஐவிக்குத் தரும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஆனால் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் எனக்கு மிகக் குறைவு! வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு உடம்பில் இருந்துகொண்டே இருந்ததால், கார்டிசோலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டது. ஊசி மருந்தோ அந்தப் பரிசோதனையில் கார்டிசோலாகத் தெரியாது.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, அந்த ஊசியால் நிம்மதியாக நடமாடுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எல்லாருக்கும் இப்படி ஆகாது. வேறு மாத்திரை இல்லாமலே இந்த ஊசி மாதவிலக்கைக் கொஞ்ச நாள் குழப்பும் என்பதும் உண்மை. கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு ஆற்றாமையும் உண்டு. மருந்துக்கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பக்கம் அவர்களிடமே நின்றுவிடுகிறது. கையில் நாலு மாத்திரையும் பாதி எழுத்தும். இதை வைத்துக்கொண்டு நோயாளி எந்த மருத்துவரிடம் என்ன சொல்வது?

ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். மற்ற மாத்திரைகளோடு அதைக் காட்டி, காலை கார்டிசோல் பார்க்கலாமா என்று கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் வாந்தி, தலைசுற்றல், கடும் சோர்வு, பிரஷர் இறங்குவது என்று வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு ஊசி போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.