2001-ல் பீரோவில் வைத்த 1 லட்சத்துக்கு இப்போது என்ன மதிப்பு?

நோட்டு அப்படியேதான் இருக்கும். வாங்கும் சக்திதான் கரைந்திருக்கும். வருமான வரிக் கணக்கில் பயன்படும் பணவீக்கக் குறியீடு 2001-02-ல் 100, 2024-25-ல் 363. 1,00,000-ஐ 363-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 27,500 ரூபாய். உண்மை நிலவரம் இன்னும் மோசம்: சில்லறை விலை உயர்வில் 75 சதவீதத்தைத்தான் இந்தக் குறியீடு கணக்கில் எடுக்கிறது.

வருங்காலத்துக்கு மனக்கணக்கு போட, 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுங்கள். 6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் மதிப்பு பாதி, 24-ல் கால்வாசி. பலர் சறுக்குவது இங்கேதான்: 20 வருடத்துக்கு 6-ஐ 20-ஆல் பெருக்கி, விலை 120 சதவீதம் ஏறும் என்கிறார்கள். கூட்டு விகிதத்தில் ஏறுவது 220 சதவீதம்!

எஃப்டியில் (வங்கி நிரந்தர வைப்பில்) போட்டால் தப்பிக்கலாமா? 7 சதவீத வட்டியில், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரியும் அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் போக மிஞ்சுவது 4.8 சதவீதம்தான். 6 சதவீதப் பணவீக்கத்துக்கு அது ஈடாகாது.