கேளுங்கள் டாக்டர்: டோபமினைத் தொடாத புது மருந்து

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்கு நான்கு வருடமாக ஒலான்சபின் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் உடம்பு பெருத்துவிட்டது, யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடக்கிறான். டோபமினைத் தொடாத மருந்து அமெரிக்காவில் வந்திருக்கிறதாமே? அங்கிருக்கும் என் அண்ணன் மகன் வாங்கி அனுப்பட்டுமா என்கிறான்.
- ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், எனக்கும் அதில் பெரிய சந்தோஷம். 1950-களின் குளோர்புரோமசினில் தொடங்கி உங்கள் மகனின் மாத்திரை வரை எல்லாமே டோபமினை, அதாவது மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருளை, ஏதோ ஒரு வகையில் தடுப்பவை. குரல் அடங்கும், ஒதுங்கிக் கிடப்பது அவ்வளவாக மாறாது. புதுச்சேரியில் என்னிடம் வரும் தாய்மார்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: "சத்தம் போடறதில்ல டாக்டர், ஆனா சிரிக்கவும் மாட்டேங்கிறான்."

நீங்கள் கேட்ட மருந்தில் இருக்கும் சனோமெலினை 1990-களில் அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். அவர்களுடைய சந்தேகமும் பிரமைகளும் குறைந்தன. அசிட்டைல்கோலின் என்பது செய்தி கடத்தும் இன்னொரு வேதிப்பொருள்; மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் எம்1, எம்4 என்ற ஏற்பிகளை சனோமெலின் தூண்டுகிறது. அதே வகை ஏற்பிகள் வயிற்றிலும் குடலிலும் இருப்பதால் வாந்தி தாங்க முடியவில்லை, மருந்து கிடப்பில் போனது. அப்புறம் ஒரு நல்ல யோசனை வந்தது. ட்ரோஸ்பியம் என்ற சிறுநீர்ப்பை மருந்து மூளைக்குள் அநேகமாக நுழையாது. அதைச் சேர்த்தால் சனோமெலினின் வேலையை மூளைக்கு வெளியே, உடம்பில் மட்டும் தடுக்கலாம். இந்த ஜோடிதான் கோபென்ஃபி என்ற பெயரில் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் எடை, கை நடுக்கம் போன்ற தொல்லைகள் இதில் குறைவு.

ஆனால் அனுமதிக்கு ஆதாரமான முக்கியச் சோதனைகள் ஐந்து வாரம்தான் நடந்தன. குமட்டல், மலச்சிக்கல், வேகமான இதயத்துடிப்பு எல்லாம் வரலாம், கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். பழைய மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2025-இல் எதிர்பார்த்த பலனை உறுதியாகக் காட்டவில்லை. ஒலான்சபினை நிறுத்திவிட்டு பார்சலில் வந்ததைக் கொடுத்தால் குரல்கள் திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

எடைக்கு இங்கேயே வழி உண்டு. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்க்கலாமா, எடை அதிகம் கூட்டாத அரிபிப்ரசோலுக்கு மெல்ல மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கச் சொல்லுங்கள். பேசாமல் கிடப்பது மனச்சோர்வாகவோ மருந்தின் மந்தமாகவோ கூட இருக்கலாம், இதை அவசியம் சொல்லுங்கள். அடுத்த முறை அவனையும் கூட்டிப் போங்கள், அவன் வாயாலேயே சொல்லட்டும்.