வாய்க்கால் கரையில் நடந்தால் படபடப்பு தீருமா?

கேள்வி: எனக்கு 24 வயது. பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். நாலு மாதமாக நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை. மாதிரித் தேர்வு அன்றைக்கு வயிற்றைக் கலக்குகிறது. "வயக்காட்டுப் பக்கம் நடந்துட்டு வா, சரியாப் போகும்" என்கிறார் ஊரில் இருக்கும் தாத்தா. உண்மையிலேயே பலன் உண்டா டாக்டர்?

பதில்: தாத்தா சொன்னதில் பாதி சரி, தம்பி.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற சந்தேகம் அதில் உண்டு. ஆனால் 2015-இல் அமெரிக்காவில் சிலரை 90 நிமிடம் மரங்களுக்கிடையிலும் வேறு சிலரை வாகன நெரிசலான சாலையோரமும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பது குறைந்தது. அவர்கள் மனநோய் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாளையங்கால்வாய்க் கரை உங்களுக்குப் பக்கம்தான். ஊருக்குள் ஓடுகிற பகுதியைச் சொல்லவில்லை, அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்! ஊர் தாண்டி, வயல் தொடங்குகிற இடத்துக்குப் போங்கள். போன் அறையிலேயே இருக்கட்டும். மடையில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழிக்கிறது, மீன்கொத்தி எத்தனை தடவை பாய்ந்து எத்தனை தடவை வெறும் வாயோடு திரும்புகிறது என்று பாருங்கள். பிசானப் பருவ நெல் நடவு முடிந்த வயல் என்றால் கொக்குகளை எண்ணலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். படபடப்பு தணிய அது கைகொடுக்கும். ஆற்றுக்குப் போனால் படித்துறையோடு நில்லுங்கள். தனியாக ஆழத்தில் இறங்க வேண்டாம்.

இப்போது மிச்சப் பாதி. மாதிரித் தேர்வு நாளில் அறையில் இருக்கப் பிடிக்காமல் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டால், அதற்குப் பெயர் நடைப்பயிற்சி இல்லை, ஒளிந்துகொள்வது. அப்போதைக்கு இதமாகத்தான் இருக்கும். அடுத்த தேர்வுக்குப் பயம் இன்னும் கூடும். தேர்வை எழுதுங்கள், அரைகுறையாக எழுதினாலும் பரவாயில்லை. மாலையில் நடக்கப் போங்கள்.

நாலு மாதம் என்பது சும்மா விடுகிற காலம் இல்லை. தைராய்டும் ரத்தசோகையும்கூட இப்படிப் படபடக்க வைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ராத்திரி கண்விழிக்கக் குடிக்கும் டீயையும் கணக்குப் பாருங்கள். அப்புறம் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு சிகிச்சையே பலருக்குப் போதும். மாத்திரை எழுதினால், வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.