பதினாறு வயசுப் பையனை உடனே போதை மீட்பு ஹோமில் சேர்க்க வேண்டாம்

அக்கா, பதினொன்றாவது படிக்கும் மகன் வலி மாத்திரைக்குப் பழகிவிட்டான், மூன்று மாதம் ஏதாவது ஹோமில் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டுங்கள். படுக்கை தேவையா, வீட்டிலிருந்தே வந்துபோனால் போதுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். மாத்திரை நின்றதும் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், தூக்கம் வராது. அது நடிப்பு இல்லை, திட்டாதீர்கள். ஆனால் தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு குறைந்தாலோ யோசிக்காமல் 108.

சேர்க்கத்தான் வேண்டுமென்றால், 2017 மனநலச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. நீங்களோ, நீங்கள் அனுப்பும் ஒருவரோ கடைசி நாள்வரை கூடவே தங்க வேண்டும். ‘பெற்றோர் வரவே கூடாது’ என்கிற இடமா? வாசலோடு திரும்பிவிடுங்கள்.

என் தம்பி மகனை அப்படி ஒரு இடத்தில்தான் விட்டோம். நாற்பது வயதுக் குடிகாரர்களுக்கு நடுவே பாய். எந்தக் கடையில் எந்த மாத்திரை கிடைக்கும் என்பதைத்தான் கற்றுக்கொண்டு வந்தான். அப்புறம் ஓ.பி.தான். வரிசையில் வாயே திறக்க மாட்டான். திரும்பும் வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால், பன்னைப் பிய்த்துக்கொண்டே ஏதாவது சொல்வான். டாக்டரிடம் சொல்லாததெல்லாம் அந்த டீக்கடையில்தான் வந்தது.

இன்று ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14446, போதை மீட்பு உதவி எண், இலவசம்.