கார் கேள்வி-பதில்: கியர்பாக்ஸ் ஏன் கழன்று வரவில்லை?

சின்ன கார், முன் சக்கர டிரைவ். கிளட்ச் மாற்றுவதற்காக கியர்பாக்ஸைக் கழற்றுகிறோம். போல்ட் எல்லாம் எடுத்தாயிற்று. கீழே ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறது, மேலே அசையவே மாட்டேன் என்கிறது. லீவர் போட்டு நெம்பலாமா?
- வாசகர், கோவில்பட்டி

தயவுசெய்து நெம்பாதீர்கள். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் என்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) அலுமினிய வார்ப்பு. இரும்பு லீவர் பட்டால் என்ஜினோடு ஒட்டும் முகம் குழிந்துவிடும். போல்ட் நுழையும் காது உடைந்தால் கியர்பாக்ஸ் கேஸையே மாற்ற வேண்டியதுதான்.

கீழே விட்டு மேலே பிடிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, எடுக்காமல் விட்ட போல்ட்டை. வயரிங் பிராக்கெட்டுக்கோ எர்த் வயருக்கோ அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டே பெல் ஹவுசிங்கையும் பிடித்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், கண் எட்டாத இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

போல்ட் எதுவும் இல்லையா? அப்படியானால் டவல் பின். இரண்டு முகங்களையும் நேராக நிறுத்த வழக்கமாக இரண்டு பின்கள் இருக்கும். இரும்புப் பின்னும் அலுமினியத் துளையும் ஈரத்தில் ஒன்றோடொன்று இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயைப் பின் இருக்கும் இடத்தில் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கேஸின் தடித்த பகுதியில் மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் தட்டினால் பின் கோணலாகி இன்னும் இறுகும்.

மூன்றாவது காரணம் சாய்வு. என்ஜினைத் தாங்கும் மவுண்ட் கழன்றதும் என்ஜின் ஒரு பக்கம் தொங்கும். ஆயில் பேனுக்கு அடியில் பலகை வைத்து ஒரு ஜாக்கி, கியர்பாக்ஸுக்கு இன்னொரு ஜாக்கி கொடுங்கள். சுற்றிலும் இடைவெளி சமமாகும்வரை இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

இடைவெளி சமமாக விட்ட பிறகும் அவசரம் வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பல் வரிசை) இன்னும் கிளட்ச் பிளேட்டுக்குள்தான் இருக்கிறது. அது முழுக்க வெளியே வரும்வரை கியர்பாக்ஸின் எடையை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். மாட்டும்போதும் இதே எச்சரிக்கைதான். அப்போது வளைவது புதுப் பிளேட்.

பிளேட் மட்டும் தேய்ந்திருக்கிறது. ரிலீஸ் பேரிங்கையும் மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, தாம்பரம்

மாற்றுங்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் இந்த பேரிங் பிற்பாடு இரைய ஆரம்பித்தால் இதே கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்து செட்டாகப் போடுவதே சரி. பழைய பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு என்ஜின் ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல், நெடியடிக்கும் கியர் ஆயில் என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல். அதை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் வழுக்கும். கிளட்ச் பிளேட் உரசும் ஃபிளைவீலில் நீலப் புள்ளியோ மயிரிழை விரிசலோ இருந்தால் லேத்தில் காட்டிக் கேளுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி நிற்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா?
- வாசகர், திருச்சி

கூடாது. காது விண்டுபோவது பெரும்பாலும் இப்படித்தான். பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது பிளேட் நடுவில் நிற்கவில்லை, அல்லது ஸ்ப்ளைன் பல் பொருந்தவில்லை. கியரில் போட்டு, ஆக்சில் நுழையும் பக்கத்திலிருந்து ஷாஃப்ட்டைச் சற்றே திருப்பிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். பல் பொருந்தினால் கையாலேயே முகம் வந்து ஒட்டும். வராவிட்டால் கியர்பாக்ஸை இறக்கி, சென்டரிங் டூலை வைத்துப் பிளேட்டை மறுபடி நடுப்படுத்துங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிஞ்சினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் விழும். ஆயில் வடித்திருந்தால், மறக்காமல் கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.