மலைமேல் இருக்கும் தோழிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கும் என் தோழிக்குச் சேலத்தில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றி இரண்டு வாரம் ஆகிறது. நடமாடுகிறாள் என்பதால் தண்ணீர் எடுக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். புண் சீழ் பிடிக்கும் என்று பருப்பும் முட்டையும் தருவதில்லை. பழம் வாங்கிப்போய்ப் பார்ப்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, மேல்தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், உள்ளே வெட்டப்பட்ட அடுக்குகள் வலுப்பெற 6 முதல் 8 வாரங்களாவது வேண்டும். தோழி நலமாகத் தோன்றுகிற இந்த இடைக்காலத்தில்தான், வந்து பார்ப்பவர்கள் குறைந்து, வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக அவரிடமே திரும்பி வருகின்றன. உங்கள் துணை அவருக்கு மிகவும் தேவைப்படுவது இப்போதுதான்.

முதல் 6 வாரங்களுக்கு 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். ஒரு நிறைகுடம் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால் இதற்காக அவருடைய மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், ஏனென்றால் நீங்கள் மலையிறங்கிய பிறகு அந்தப் பேச்சைத் தாங்க வேண்டியவர் உங்கள் தோழிதான். மறுபரிசோதனைக்கு அவர் சேலம் வரும் நாளில், வீட்டிலிருந்து ஒருவரையும் உடன் வரச் சொல்லி, நீங்களும் சேர்ந்துகொண்டு, எதைத் தூக்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வாந்தி வந்தால் வயிறு இறுகித் தையல் வலிக்கும். அதற்கு மாத்திரை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வண்டி குலுங்கும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சிறு தலையணை இருக்கட்டும். வீட்டில் இருமும்போதும் அது உதவும்.

பருப்பாலும் முட்டையாலும் சீழ் பிடிக்காது. கிருமித் தொற்றினால்தான் சீழ் பிடிக்கிறது. புண் ஆறுவதற்குப் புரதம் அவசியம். மருத்துவர் வேறு பத்தியம் சொல்லாதிருந்தால், அடுத்த முறை பழத்தோடு பருப்புக் கீரைக்கூட்டும் செய்து எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கும் கீரை நல்லது, முக்குவது தையலுக்கு ஆகாது.

காய்ச்சல், புண்ணில் நீர் கசிதல், மிகுந்த உதிரப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் இறங்க நேரமாகும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டாரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கர்ப்பப்பையை இழந்ததற்காக அவர் அழுதால், ‘பிள்ளைகள்தான் இருக்கிறார்களே’ என்பது போன்ற ஆறுதல் வேண்டாம். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். அழுகையும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், அதையும் மறுபரிசோதனையின்போது மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.