திண்ணை அகல மேடை

அன்புள்ள சார்,

அலுவலக வேலையாக லண்டன் போனபோது பிக்ஸீஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் நிகழ்ச்சிக்குப் போனேன். கல்லூரி விடுதியில் கேசட்டில் கேட்ட குழு. டிக்கெட்டில் ஏழு மணி என்று இருந்தது. அவர்கள் ஒன்பதுக்குத்தான் மேடையேறுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு எட்டே முக்காலுக்குப் போனேன். பிரமாதம். ஆனால் கடைசிவரை ரசிகர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இது திமிரா? வரிகளும் பாதி புரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கூட்டத்தில் நிற்கக் கூச்சமாகவும் இருந்தது.

கே.

அன்புள்ள கே.,

வயதை விடுங்கள். மேடையில் தொண்டை கிழியக் கத்திய பாடகர் பிளாக் பிரான்சிஸ் உங்களைவிட மூத்தவர். அவர் வரிகள் அந்த ஊர்க்காரர்களுக்கே பாதிதான் புரியும். பேசாமல் இருந்ததைப் பற்றி இன்னொரு கடிதத்தில் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது அந்த எட்டே முக்கால். ஏதோ சாமர்த்தியம்போல எழுதியிருக்கிறீர்கள். ஏழிலிருந்து எட்டே முக்கால்வரை மேடை சும்மா கிடந்தது என்றா நினைத்தீர்கள்? முன்னால் யாரோ வாசித்திருப்பார்கள். பெரிய குழுவின் டிரம்ஸைக் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் மிஞ்சும் திண்ணை அகலத்தில் நின்றுகொண்டு, பாதி வெளிச்சத்தில், பாதி நிரம்பிய கூடத்துக்கு அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் மாமாக்களைத் திட்டி எனக்கு முன்பு எழுதியவர் நீங்கள்தானே?

1991 கோடையில் சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழு ஐரோப்பாவைச் சுற்றி வந்தபோது அவர்களுக்கு முன்னால் வாசித்த மூன்று பேர்தான் நிர்வானா குழு. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் இசைத் திருவிழாவில் நிர்வானாவுக்குக் கிடைத்தது பகல் வேளை. செப்டம்பரில் அவர்களுடைய ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தது. அடுத்த ஆகஸ்டில் அதே ரெடிங்கின் கடைசி இரவே அவர்களுடையது. முந்தைய வருடம் பீர் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இன்றைக்கு ‘நான் அப்போதே பார்த்தேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிக்ஸீஸை மட்டும் விட்டார்களா? அடங்கிப் பாடி, திடீரென்று வெடிக்கும் அவர்கள் பாணியைத்தான் நகலெடுத்தேன் என்று நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேனே ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவர்கள் 1992இல் அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் யூ2 என்ற ஐரிஷ் குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். உங்களைப்போல விவரமானவர்கள் அங்கேயும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அடுத்த வருடம் குழு கலைந்தது. இதனால்தான் என்று சொல்லமாட்டேன், உள்ளே வேறு சண்டைகள் இருந்தன. ஆனாலும் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுவது யாருக்கும் நல்லதில்லை.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூனில் லண்டனில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். கலைந்த பிக்ஸீஸ் மறுபடி சேர்ந்து அங்கே பிரிக்ஸ்டன் அகாடமி அரங்குக்கு வந்திருந்தார்கள். அது 1929இல் சினிமா கொட்டகையாகக் கட்டியது. தரை மேடையை நோக்கிச் சரியும், அதனால் பின்னால் நிற்பவனுக்கும் தெரியும். நாங்கள் வாசல் கூடத்தில் நின்று குடும்பக் கதை பேசித் தீர்த்துவிட்டு உள்ளே போனோம். மேடையில் ஒரு பெண் டிரம்ஸின் சிம்பல் தட்டுகளைத் தாங்கும் தண்டுகளைத் திருகிக் கழற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். மேடைப் பணியாளர் என்று நினைத்தேன். ‘சீக்கிரம் முடிங்கம்மா’ என்றுகூடத் தமிழில் முணுமுணுத்தேன்.

நிகழ்ச்சி முடிந்து, காது ரீங்கரிக்க வெளியே வரும்போது, டி-ஷர்ட் விற்கும் மேஜையின் ஓரத்தில் அதே பெண். முன்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் சிடிக்கள். முன்னால் வாசித்த குழுவின் டிரம்மரே அவள்தான். பாவமாக இருந்தது, ஒன்று வாங்கினேன். எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டாள். உறையைத் திருப்பி, மூன்றாவது பாட்டின் பெயர்மேல் விரலை வைத்தேன்.

“அதை இன்றைக்கு வாசிக்கவில்லையே” என்று சிரித்தாள். பிளாஸ்திரி சுற்றிய விரல்களால் மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக என் கையில் எண்ணி வைத்தாள்.

அந்தக் குழு என்ன ஆனது என்று தெரியாது. சிடி இன்னும் இருக்கிறது. மூன்றாவது பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.